தோட்டப்புறக் கலை மையம்: விருந்து இரவா, மாதச் சந்தாவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் சமூகக் கலை மையம் எழுப்ப நினைப்போர், பெரும்பாலும் நிதி திரட்டும் விருந்தையே முதலில் நாடுகின்றனர். அது ஒரே இரவில் பெருந்தொகை தரலாம். ஆனால் மண்டப வாடகையும் உணவும் ஒலியமைப்பும் அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். மாதச் சந்தா மெதுவானது. எனினும், 1960இல் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) செலுத்திய பங்குப் பணமே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் அவற்றை வாங்கக் கைகொடுத்தது. (அங்கே பங்குரிமை இருந்தது, இங்கே பிள்ளைகளின் நடன வகுப்பும் உறுமி மேளப் பயிற்சியும்தான் ஆதாயம்.) ஆகவே சந்தாவை முதலில் தொடங்குவதே சரியெனக் கருதுகிறேன். வருமான வரிச் சட்டம் 1967இன் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் கிடைத்தால் நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டு என்பதால், நிறுவனங்களை அழைக்கும் விருந்து அதன் பிறகு நடக்கட்டும்.