மஸ்கி லூரை டியூன் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி என்கிற பெரிய வேட்டை மீன் பிடிக்கப் போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். ஜூன் முதல் சனிக்கிழமை பருவம் திறக்கும் என்பதால் பனி கரையும்போதே லூர்ப் (செயற்கை இரை) பெட்டியைக் கிளறத் தொடங்கிவிடுவோம். அந்த நேரம் பார்த்து, "டாப்வாட்டர் லூர் டியூன் செய்து தரப்படும், சத்தம் கூட்டித் தரப்படும்" என்று விளம்பரங்களும் வரும். டாப்வாட்டர் என்றால் தண்ணீரின் மேலே ஓடுகிற லூர், டியூன் என்றால் அதன் ஓட்டத்தைச் சரிசெய்வது. அப்படி ஒருவரிடம் கொடுத்து நான் பட்ட பாடுதான் இது. ஆளின் பெயர் போடப்போவதில்லை. செய்த வேலையைச் சொன்னால், அதே வேலையை வேறு யார் செய்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

நான் அனுப்பியவை மரத்தில் செய்த, வால் சுழலும் லூர்கள் இரண்டு. இழுக்கும்போது பின்னாலுள்ள தகடு சுழன்று 'ப்ளொப் ப்ளொப்' என்று தண்ணீரை அடிக்கும். கோடையில் தண்ணீர் சூடேறிய பிறகு, இருட்டுகிற நேரம், களைத்திட்டுக்கு மேலால் இதை இழுத்தால் கீழே கிடக்கிற மஸ்கி பார்த்துக்கொண்டு இருக்காது. என்னுடையவற்றில் ஒரே குறை, மெதுவாக இழுத்தால் வால் சுழலாமல் சும்மா வரும். அதைச் சரிசெய்து தரும்படிதான் கேட்டேன். காசு முன்கூட்டியே இ-ட்ரான்ஸ்ஃபரில் வேண்டும் என்றார். அது ஒருமுறை அவர் கணக்கில் விழுந்துவிட்டால் வங்கியாலும் திருப்பி எடுக்க முடியாது, அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

லூர்கள் திரும்பி வருமுன்னர் ஒரு வீடியோ அனுப்பினார். நல்ல சத்தம், மறுக்கவில்லை. ஆனால் என் லூரின் முதுகில் பழைய பல் தடம் ஒன்று நீளமாக இருக்கும். வீடியோவில் வந்த லூரின் முதுகு பளபளவென்றிருந்தது. கேட்டதற்கு, "வெளிச்சம் அப்படி" என்றார்.

சரி, கைக்கு வந்ததைப் பார்ப்போம்.

சத்தம் வரவேண்டும் என்று இன்னும் பெரிய வால் தகடு போட்டு, அதன் இறக்கையை நன்றாக வளைத்து வைத்திருந்தார். இறக்கையை வளைத்தால் மெதுவான இழுப்பிலேயே வால் சுழலும், அது உண்மை. ஆனால் வால் சுழலும்போது உடலையும் சேர்த்துத் திருகப் பார்க்கும். தகடு பெரிதானால் திருகலும் பெரிது. அதைப் பிடித்து நிறுத்த வயிற்றில் பாரம் வேண்டும். அவரும் பாரம் போட்டிருந்தார், ஆனால் துளை நடுக்கோட்டிலிருந்து விலகியிருந்தது. கொஞ்சம் வேகமாக இழுத்தால் லூர் மல்லாக்கப் புரண்டு, கொக்கிகள் வானத்தைப் பார்த்தபடி வந்தன.

அந்தத் துளையில் ஈயத்தைத் திணித்து மேலே பெயின்ட் மட்டும் பூசியிருந்தார். தண்ணீர் புகாத எபொக்சிப் பசையால் அடைக்கவில்லை. மரம் தண்ணீர் குடித்து ஊதி, துளையைச் சுற்றிப் பெயின்ட் வெடித்துவிட்டது. கடையில் வந்தபோது இருந்த தடித்த 4/0 அளவுக் கொக்கிகளும் இல்லை. கைக்குறட்டால் வளைக்கக்கூடிய மெல்லிய கொக்கிகள் தொங்கின. என்னுடையவை எங்கே என்று கேட்டால், "பாரம் குறைக்க மாற்றினேன்" என்கிறார். வயிற்றுக் கொக்கியின் எடையும் சேர்ந்துதான் லூரை நிமிர்த்தி வைக்கிறது. வயிற்றுக்குள் பாரம் ஏற்றிவிட்டு வெளியே பாரம் குறைத்தாராம்!

இதெல்லாம் காசு நட்டம். அடுத்தது அப்படியில்லை.

நல்ல மஸ்கி லூரில் மூக்கிலிருந்து வால் வரை ஒரே கம்பி உள்ளே ஓடும். பின் கொக்கி அந்தக் கம்பியின் முனையில்தான் இருக்கும், மரம் பிளந்தாலும் மீன் கையை விட்டுப் போகாது. புது வால் மாட்டுவதென்றால் பின் வளையத்தை விரித்து, மாட்டி, மறுபடி முறுக்க வேண்டும். மினக்கெட்ட வேலை. இவர் கம்பியை வெட்டிவிட்டு, மரத்தில் ஒரு குட்டைத் திருகாணியை ஏற்றி, அதில் வாலையும் கொக்கியையும் தொங்கவிட்டிருந்தார். வெளியே ஒரு கிண்ண வாஷர் மூடியிருந்ததால் பார்வைக்குத் தெரியவில்லை.

பக்ஹோர்ன் ஏரியில் ஒரு மாலை, நல்ல மீன் அடித்தது. பாரம் ஏறும்வரை பொறுத்து இழுத்தேன், ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். லூர் வெறுமையாக மிதந்தது. படகில் இருந்த தம்பி எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, வாலைக் காணேல்லை" என்றான். மரத்தில் திருகாணி பிய்ந்த ஓட்டை மட்டும் இருந்தது. வாலும் கொக்கியும் அந்த மீனின் வாயோடு போய்விட்டன. நாங்கள் பிடித்ததை அளந்து தண்ணீரிலேயே விடுகிறவர்கள். அந்த மீனுக்கு என்ன ஆனதோ என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவருடைய பதில்: "அந்த அளவு மீனுக்கு உத்தரவாதம் இல்லை." மஸ்கி லூருக்கு! திருப்பி அனுப்பினால் பார்ப்பாராம், தபால் செலவு இருபக்கமும் என்னுடையதாம். அப்புறம் என் செய்திகளைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் பாதி வேலைக்கு ஆளே தேவையில்லை. லூர் ஒரு பக்கமாக ஓடினால், அது ஓடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மூக்கு வளையத்தைக் குறட்டால் ஒரு மயிரிழை தள்ளுங்கள். வால் சுழலாவிட்டால் இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். புரண்டால், துளை போடுமுன் வயிற்றுக் கொக்கியின் தண்டில் ஈயக் கம்பியைச் சுற்றிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

கொடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், பெட்டியில் போடுமுன் லூரையும் கொக்கிகளையும் கிட்டவாகப் படம் எடுத்து வையுங்கள். வீடியோவில் உங்கள் லூர்தானா என்று அடையாளம் பாருங்கள், மெதுவாகவும் வேகமாகவும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வந்ததும் சமையல் தராசில் நிறுத்துவிட்டு இரவு முழுக்க வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். காலையில் துடைத்து மறுபடி நிறுத்தால் எடை கூடியிருந்ததா, மரம் தண்ணீர் குடிக்கிறது. வால் வாஷரைத் தள்ளி உள்ளே தெரிவது முறுக்கிய கம்பியா, திருகாணியின் மரையா என்றும் பாருங்கள். திருகாணி என்றால் அந்த லூரை மஸ்கிக்குப் போடவே வேண்டாம்.