ஐடி பிளான் போட்டுத் தர ஒரு டீமை வைத்தோம்: அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு விமர்சனம்

சின்ன கம்பெனிக்கு ஐடி ஆலோசனை எல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், தேவைதான். ஆனால் ஏஐ-க்கு ஒரு ஆள், பாதுகாப்புக்கு ஒரு ஆள் என்று தனித்தனியாக வைக்காதீர்கள், இரண்டையும் ஒரே திட்டமாகப் போட்டுத் தருகிறவர்களைத் தேடிப் பிடியுங்கள். நான் நிர்வாகம் பார்க்கும் யூனிட் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது, கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிறோம். கிண்டிப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய டீமை அடுத்த மூன்று ஆண்டுக்கான கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், பாதுகாப்பு, ஏஐ எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டம் போட வைத்தோம். குறைகளையும் எழுதப் போவதால் அவர்கள் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரி சேவையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

எங்களை இதில் இறங்க வைத்தது வாடிக்கையாளர் கம்பெனி அனுப்பிய ஒரு கேள்வித்தாள். பேக்கப் எங்கே வைக்கிறீர்கள், யார் யாருக்கு எதைத் திறக்க அனுமதி, ஊழியர்கள் எந்த ஏஐ கருவியைப் பயன்படுத்துகிறார்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் கம்பெனி மீது நடந்த சைபர் தாக்குதலில் 2025 செப்டம்பரில் அவர்களுடைய உற்பத்தி வாரக்கணக்கில் நின்றது, அவர்களுக்குப் பொருள் கொடுக்கிற சின்ன சின்ன சப்ளையர்கள்தான் பணமில்லாமல் திண்டாடினார்கள். அந்தச் செய்தியைப் படித்த எந்த வென்டருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும். அதற்கு அடுத்த மாதமே, அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவும் முடிந்தது, எங்கள் ஆபீஸில் பாதி மெஷின் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு நடுவில் ஏஐ விற்க வருகிறவர்களின் போன் வேறு.

இந்த டீம் வந்ததும் எந்தப் பொருளையும் விற்கப் பார்க்கவில்லை, ஷேர்டு ஃபோல்டரைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள். டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த டிரெய்னி பையனின் லாகினில் உட்கார்ந்து 'சம்பளம்' என்று தேடச் சொன்னார்கள். ஆபீஸில் எல்லாருடைய சம்பள ஷீட்டும் திறந்தது. பக்கத்து ஃபோல்டரில் கொட்டேஷன் விலைகள், அதற்கும் பக்கத்தில் ஊழியர்களின் ஆதார் நகல்கள். டீமில் இருந்த பெண் சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது: "சார், ஏஐ பூட்டை உடைச்சுக்கிட்டு எங்கேயும் போகாது. உங்க ஆளுக்கு எது திறக்குமோ அது ஏஐ-க்கும் திறக்கும். இவருக்கு இதெல்லாம் இருக்குன்னே இதுவரைக்கும் தெரியாது, நாளைக்கு அது தேடி எடுத்துக் கையில குடுத்துடும்."

அந்த ஒரு பேச்சுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன். ஆபீஸ் மெயிலையும் ஃபைல்களையும் படித்துப் பதில் சொல்லும் ஏஐ உதவியாளரை வாங்கினால், இத்தனை வருடம் யாரும் தேடாததால் மட்டுமே பத்திரமாக இருந்த விஷயங்கள் எல்லாம் ஒரே கேள்வியில் வெளியே வரும். வெளியாள் பக்கமிருந்தும் இதே ஆபத்து உண்டு. 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் என்ற ஆபீஸ் ஏஐ உதவியாளரில் எக்கோலீக் என்ற பாதுகாப்பு ஓட்டை இருந்தது வெளியே தெரிந்தது. மெயிலுக்குள் மறைத்து வைத்த வாசகத்தை ஏஐ கட்டளையாக எடுத்துக்கொண்டு உள்ளே இருக்கும் தகவலை வெளியே அனுப்பிவிடக்கூடிய ஓட்டை அது, மெயில் வந்தவர் எதையும் கிளிக் செய்யக்கூடத் தேவையில்லை. ஆராய்ச்சியாளர்கள்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள், மைக்ரோசாஃப்டும் சரிசெய்துவிட்டது. ஆனாலும் நம் ஆட்களுக்கு அனுமதி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் இந்த மாதிரி ஓட்டையில் சேதமும் குறையும். அதனால் எங்கள் திட்டத்தில் முதல் ஆறு மாதம் ஏஐ-க்குச் செலவே கிடையாது, ஃபோல்டர் அனுமதி, பாஸ்வேர்டு, பாஸ்வேர்டோடு ஓடிபி மாதிரி இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்கு லாகின் இவைதான். முதலாளிக்கு முதலில் இது பிடிக்கவில்லை, எல்லாரும் ஏஐ போடுகிறார்கள், நாம் ஃபோல்டர் அடுக்கிக்கொண்டிருக்கிறோமே என்றார். டிரெய்னி லாகினில் திறந்த ஷீட்டைக் காட்டியதும் சரி, நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

நாம் வாங்காவிட்டாலும் ஏஐ ஏற்கனவே ஆபீஸுக்குள் வந்துவிட்டது, அதையும் அவர்கள் விடவில்லை. டிசைன் பசங்க போனில் சாட்ஜிபிடி வைத்திருக்கிறார்கள், வாடிக்கையாளரின் டிராயிங்கில் ஏதாவது புரியாவிட்டால் படம் எடுத்துப் போட்டுக் கேட்பது எத்தனை சுலபம்! சாம்சங்கிலேயே 2023-ல் பொறியாளர்கள் கம்பெனி சாஃப்ட்வேரின் மூலநிரலை (சோர்ஸ் கோடை) சாட்ஜிபிடியில் போட்டு, அப்புறம் கம்பெனி அந்த மாதிரி கருவிகளுக்குத் தடை போட்டது. எங்களிடம் வருவது இன்னொரு கம்பெனியின் டிராயிங், வெளியே விடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கியது. இந்த டீம் மொத்தமாகத் தடை போடச் சொல்லவில்லை, தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள் என்றார்கள், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எதைப் போடலாம், எதைப் போடவே கூடாது என்று தமிழில் ஒரே பக்கம் எழுதிக் கொடுத்து, டிசைன் பிரிவில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் பேசினார்கள்.

அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அவர்கள் செய்ததில் பைசா செலவில்லை, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் அரூப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ மீட்டிங்கில் தன் மேலதிகாரிகள் என்று நம்பிய போலி உருவங்களின் பேச்சைக் கேட்டு 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிவிட்டார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு விதி போட்டார்கள்: சப்ளையரின் வங்கிக் கணக்கு எண் மாறினாலோ, அவசரமாகப் பணம் அனுப்பச் சொல்லி அழைப்பு வந்தாலோ, வந்த எண்ணிலேயே பேசாமல், ஏற்கனவே பதிவில் இருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எங்கள் கேஷியர் அக்கா, "சாரோட குரல்லயே கேட்டா நான் எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த முதலாளி, "நானே கேட்டாலும் வெச்சுட்டுத் திருப்பிக் கூப்பிடுங்கம்மா, கோபப்பட மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஒரு முதலாளி வாயிலிருந்து இந்த வார்த்தையை வரவழைத்தது பெரிய விஷயம், இது இல்லாவிட்டால் அந்த விதி தாளில்தான் இருந்திருக்கும். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணையும் மேஜையில் ஒட்டினார்கள்.

இன்னொன்று, 2025 ஏப்ரல் 1 முதல், சரக்கை லாரியில் அனுப்பத் தேவையான ஈ-வே பில்லுக்கும் ஈ-இன்வாய்ஸுக்கும் ஓடிபி-யோடு கூடிய லாகின் எல்லாருக்கும் கட்டாயம். எங்களிடம் ஓடிபி ஒரே ஆள் போனுக்குப் போய், அவர் லீவு போட்டால் லாரி கேட்டில் நிற்கும். துணைப் பயனர்கள் உருவாக்கி ஒவ்வொருவர் எண்ணையும் தனியாகப் பதிந்து கொடுத்தார்கள். சின்ன வேலைதான், டிஸ்பாட்ச் ஆட்கள் இன்றும் வாழ்த்துகிறார்கள்.

பேக்கப் பற்றி எல்லா ஐடி ஆட்களும் பேசுவார்கள். இவர்கள் பேச்சோடு நிற்காமல், எடுத்த பேக்கப்பைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். டேலி டேட்டா ஒரு உதிரி கம்ப்யூட்டரில் அழகாக ஏறியது. டிராயிங் ஃபோல்டர் ஏறவில்லை, பேக்கப் நடுவில் எப்போதோ நின்றுபோயிருந்தது, எந்த எச்சரிக்கையும் வந்ததில்லை. அதோடு பேக்கப் பெட்டி தரைத்தளத்தில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் எஸ்டேட் எப்படி மிதந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை மாடிக்கு ஏற்றி, வாடகைக்கு எடுத்த கிளவுடில் அழிக்க முடியாத இன்னொரு பிரதியும் வைத்தார்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்காரன் உள்ளே வந்தால் முதலில் தேடி அழிப்பது பேக்கப்பைத்தான், அதனால் வெள்ளத்துக்கும் அவனுக்கும் சேர்த்தே திட்டம் போட்டது புத்திசாலித்தனம்.

சட்ட விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிட்டார்கள், அது போதும். சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டர்களின் செயல்பாட்டுப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அந்த ஆதார் நகல் ஃபோல்டருக்கு அன்றே பூட்டு விழுந்தது.

குறைகளும் உண்டு. பெரிய குறை, இவர்கள் மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்கு இறங்கி வரவே இல்லை. கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் சிஎன்சி மெஷினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது, அதை மாற்றினால் மெஷின் கம்பெனியின் சாஃப்ட்வேர் வேலை செய்யாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது, இத்தனைக்கும் அது நுழையும் ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. நம் ஊரிலேயே நடந்த விஷயம் இது. அப்படியிருக்க ஆபீஸ் மாடியை மட்டும் பார்த்துவிட்டுத் திட்டம் முடிந்தது என்று ரிப்போர்ட் கொடுப்பது நியாயமில்லை. நான் கேட்ட பிறகுதான் அந்த மெஷின்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து, இன்டர்நெட்டை வெட்டி, பென் டிரைவுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். கேட்காத கம்பெனியில் என்ன செய்திருப்பார்கள்?

அடுத்தது ரிப்போர்ட். தடிமனான ஆங்கிலப் புத்தகம் அது, சூப்பர்வைசர் யாரும் திறக்க மாட்டார்கள். ஏஐ விதிக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதியவர்களால் மற்றதையும் அப்படி எழுத முடியாதா? இரவு ஷிஃப்டில் கூப்பிட்டால் போன் எடுக்க ஆளில்லை என்பதும் எரிச்சல், தாக்குதல் நடப்பது பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில்தானே.

ஏஐ-யை ஏழாவது மாதம்தான் வாங்கினோம், அதுவும் எல்லாருக்கும் இல்லை. வாடிக்கையாளர் மெயிலுக்குப் பதில் எழுதும் மார்க்கெட்டிங் ஆட்களுக்கும், நீளமான ஸ்பெசிஃபிகேஷனைப் படித்துக் கொட்டேஷன் தயாரிப்பவர்களுக்கும் மட்டும். கொட்டேஷன் வேகமாகப் போகிறது, இது நிஜமான லாபம். ஆனால் டாலரன்ஸ் எண்களை, அதாவது அளவில் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதை, அது சில சமயம் தப்பாக எடுத்துக் கொடுக்கிறது, ஆள் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்று திட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கட்டணம், ஒரு நல்ல சர்வர் வாங்கும் செலவை விடக் குறைவு. ஆள் வைக்கப் போகிறவர்கள் இந்த மூன்றைக் கேட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்கள்: பேக்கப்பை எங்கள் கண் முன்னால் திரும்பப் போட்டுக் காட்டுவீர்களா, மெஷின் கம்ப்யூட்டர்களையும் பார்ப்பீர்களா, ராத்திரி யார் போன் எடுப்பார்கள். நாங்கள் இவர்களிடமே ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம், ஷாப் ஃப்ளோரையும் இரவு அழைப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு.