1820 உடன்பாடா, 1850 உடன்பாடா: எதை முதலில் படிப்பது?

அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய அடிமைமுறைச் சண்டையை எங்கே தொடங்கிப் படிப்பது என்று பலர் கேட்கிறார்கள். அடிமைமுறையை விட்ட வட மாநிலங்களும் அதை வைத்திருந்த தென் மாநிலங்களும் செய்துகொண்ட இரண்டு சமரசங்கள்தான் இந்த உடன்பாடுகள்.

எளிமை: 1820 மிசௌரி உடன்பாட்டில் ஒரே கோடு, 36°30′ வட அட்சரேகை: மிசௌரி தவிர, அதற்கு வடக்கே உள்ள மேற்குப் பகுதிகளில் அடிமைமுறை கூடாது. அடிமை மாநிலமாகச் சேர்ந்த மிசௌரிக்கு ஈடாக, அடிமைமுறை இல்லாத மெய்ன். 1850-இல் ஐந்து தனிச் சட்டங்கள், தலை சுற்றும்.

ஆயுள்: முன்னது 34 ஆண்டு. பின்னது தந்த அமைதி நான்கே ஆண்டு. 1854 கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தால் பழைய 36°30′ கோடும் அழிந்துபோனது.

விலை: இரண்டிலும் விலை கொடுத்தவர்கள் கறுப்பின மக்கள்தான். ஆனால் 1850-இன் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவர் தன் வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. அவரைத் திருப்பி அனுப்பினால் வழக்கை விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5. படிக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

சரி, வரைபடமும் செனட்டில் (அமெரிக்க மேலவையில்) இரு தரப்பு மாநிலங்களின் இடக் கணக்கும் புரிய வேண்டுமா, 1820. வடக்கே கோபம் ஏன் மூண்டது என்று தெரிய வேண்டுமா, நேராக 1850-க்குப் போங்கள்.