ஏழு வருடம் மிதித்த பலகை

மாடித் தரையைப் புதுப்பித்தவர்கள் எல்லோரும் வேலை முடிந்த அன்றே பளபளவென்று படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் எங்கள் கடைவீட்டு (கீழே கடை, மேலே வீடு) மாடிப் பலகையைத் தேய்த்து இந்த வருடத்தோடு ஏழு வருடம். அதனால் எழுதுகிறேன்.

மாடி முழுக்கச் செங்கால் மரம். (செங்கல் இல்லை, செங்கால். திரெங்கானுவில் படகு கட்டுகிறார்களே, அதே மரம்.) தாத்தா காலத்தில் அதன்மேல் ஒரு விரிப்பு, அப்பா காலத்தில் இன்னொரு விரிப்பு, இரண்டுக்கும் ஆணி. அடியில் பலகை இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. டைல்ஸ் போடத்தான் ஆள் கூப்பிட்டோம். வந்த சீன அங்கிள் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், காலால் இரண்டு தட்டு தட்டினார், "இந்த மரத்தை மூடவா என்னைக் கூப்பிட்டீர்கள்?" என்று மலாயில் கேட்டார். அத்தோடு டைல்ஸ் பேச்சு முடிந்தது.

தேய்ப்பதைவிட ஆணி பிடுங்கியதுதான் பெரிய வேலை. ஒரு ஆணியின் தலை மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் மெஷினில் மாட்டிய உப்புத்தாள் கிழிந்துவிடும். இரண்டு மைலோ டின் நிறைய எடுத்தோம். துரு இறங்கிய இடமெல்லாம் கறுப்புப் புள்ளி. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் தடவி, நன்றாகக் கழுவியதும் முக்கால்வாசி மறைந்தது. பிறகு 40, 60, 100 என்று மூன்று உப்புத்தாள். அடியிலிருந்து வெளிர் மஞ்சளாக மரம் வந்தபோது, "நிறமே போயிடுச்சே" என்று அம்மா பதறினார். வெளிச்சம் பட்டு ஒரே வருடத்தில் செம்பழுப்பாகிவிட்டது.

தலைவலி வெளியே வாங்கிய பழைய பலகையால்தான். ஜன்னலோரம் மழைச்சாரலில் உளுத்துப்போன ஒன்பது பலகைக்குப் பதிலாக, கடலுக்கு அந்தப் பக்கம், வீடு இடித்த மரம் விற்கிற ஒரு கடையில் வாங்கினேன். செங்கால் கிடைக்காமல் மெர்பாவ். 2019இல் தேசிய மரமாக அறிவித்தார்களே, அதுதான். நல்ல மரம், ஆனால் நனைந்தால் சாயம் விடும். ஒரு நாள் கூரை ஒழுகி, கீழ்க்கடையின் வெள்ளைச் சுவரில் தேயிலைச் சாறு ஊற்றியதுபோல் கோடு இறங்கியது. இரண்டு தடவை பெயின்ட் அடித்தும் மங்கலாகத் தெரிகிறது. போதாததற்கு, இரண்டு பலகையின் ஓரத்தில் வைரம் பாயாத வெளிர்ப் பகுதி இருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் மாதம் ஊசித் துளை, அடியில் மாவு மாதிரி பொடி. வண்டு. பழைய மரம் வாங்கினால் அந்த வெளிர் ஓரத்தைக் கடையிலேயே சீவிவிடச் சொல்லுங்கள்.

பூச்சைப் பொறுத்தவரை எனக்கு இப்போது ஒரே கட்சி, எண்ணெய்தான். முன்னறைக்குப் பளபளப்பான பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷ், பின்னறைக்கு எண்ணெய் மெழுகு என்று போட்டோம். முதல் இரண்டு வருடம் முன்னறைதான் அழகு, ஒத்துக்கொள்கிறேன். இப்போது நாற்காலி இழுத்த இடமெல்லாம் வெள்ளைக் கீறல், ஜன்னலோரம் தோல் உரிகிறது. அந்த ஓரத்தை மட்டும் தொட்டால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். அறை முழுக்கத் தேய்க்க வேண்டும். பின்னறையில் கறை பட்டால், அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து எண்ணெய் தடவுகிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எண்ணெய் துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள்.

ஏர்கான் ஓடுகிற அறையில் மரம் காய்ந்து சுருங்கி, இடுக்கில் இருபது காசு செங்குத்தாக நுழைகிறது. மற்ற அறைகளில் அப்படி இல்லை. மக்கு வைத்து அடைத்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் பலகை உப்பியதும் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. விட்டுவிட்டேன். கூட்டும்போது கீழே தூசி கொட்டுகிறது, ராத்திரி யார் எழுந்து போகிறார்கள் என்று அப்பா படுத்தபடியே சொல்லிவிடுகிறார். சத்தம் பிடிக்காதவர்களுக்குப் பலகைத் தரை சரிப்படாது.

போன மாதம் அலமாரியை நகர்த்தினோம். அடியில் ஒரு செவ்வகம், தேய்த்த அன்றிருந்த அதே வெளிர் மஞ்சள். பாய் போட்டு மறைக்கச் சொல்கிறார் அம்மா. நான் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.