டெங்கு காம்போ கார்டு: பெட்டியில் போட்டிருக்கும் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

சிறிய லேப்களில் டெங்கு பார்க்கப் புழங்கும் என்எஸ்1 (வைரஸின் புரதம்) + ஐஜிஎம்/ஐஜிஜி (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள்) காம்போ கார்டு, வேகத்தில் குறை சொல்ல முடியாத சரக்கு. 15 முதல் 20 நிமிடத்தில் கோடு தெரிந்துவிடும். எலிசா என்ற லேப் டெஸ்டுக்கு வேண்டிய மெஷினும் நேரமும் தேவையில்லை. சிக்கல், பெட்டியில் பெரிதாக அச்சிட்ட துல்லியத்தைப் பார்த்து வாங்குவதில்தான்.

உணர்திறன் (நோய் உள்ளவரைப் பிடிப்பது) 80%, தனித்தன்மை (நோய் இல்லாதவரை நெகட்டிவ் என்று காட்டுவது) 95% என்று வைத்துக்கொள்வோம். பரவல் உச்சத்தில் காய்ச்சலோடு வரும் 1000 பேரில் 400 பேருக்கு டெங்கு என்றால், 320 உண்மைப் பாசிட்டிவ், 30 பொய்ப் பாசிட்டிவ். கோடு விழுந்தால் நம்பலாம். ஆனால் டெங்கு உள்ள மீதி 80 பேர் நெகட்டிவ் என்று வீட்டுக்குப் போவார்கள். பரவல் இல்லாத மாதத்தில் 1000 பேரில் 20 பேருக்குத்தான் டெங்கு என்றால், உண்மை 16, பொய் 49. அதே கார்டுதான், நான்கு பாசிட்டிவில் மூன்று தப்பு!

அடுத்தது, காய்ச்சல் எத்தனையாம் நாள் என்பது. என்எஸ்1, காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்கு உதவும். ஐஜிஎம் ஏறக்குறைய ஐந்தாம் நாளிலிருந்துதான் கை கொடுக்கும். இரண்டாம் முறை டெங்கு வந்தவரின் ரத்தத்தில் பழைய எதிர்ப்பொருள் என்எஸ்1-ஐப் பிடித்துக்கொள்வதால் கார்டு தவறவிடக்கூடும். தீவிர டெங்கு ஆபத்து அதிகம் உள்ளவர்களும் இவர்களே என்பதுதான் இந்தச் சரக்கின் மோசமான ஓட்டை. ஐஜிஜி மட்டும் தெரிந்தால் பழைய தொற்றாகவும் இருக்கலாம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் கார்டு என்ன சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

கையாளும்போது கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கார்டும் சீரமும் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். முன்பே பிரித்து வைத்தால் ஈரம் ஏறி ஓட்டம் சீராக இராது. பஃபர் (கிட்டோடு வரும் கரைசல்) சொட்டுக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கிட்டின் பஃபரை இன்னொன்றுக்கு ஊற்றக் கூடாது. குறித்த நேரத்துக்குள் தெரிகிற மங்கல் கோடும் பாசிட்டிவ்தான். நேரம் கடந்து எழும் கோடு கணக்கில் சேராது. டெஸ்ட் சரியாக ஓடியதைக் காட்டும் 'சி' கோடு வராவிட்டால் அது நெகட்டிவ் அல்ல, செல்லாத டெஸ்ட். புது கார்டில் திரும்பப் போட வேண்டும்.

வாங்கி வைக்கலாமா? பரவல் காலத்தில் முதல் சல்லடையாக வைக்கலாம். உறுதிசெய்ய எலிசாவுக்கு அனுப்பும் வசதி இருக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தவரை, காய்ச்சல் இருக்கும் நாட்களில் பகலிலும் வலைக்குள் படுக்க வைப்பது நல்லது: ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு, அவரைக் கடித்துத்தான் வைரஸை அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகும்.