ஏழு மாநிலங்களும் ஓர் அட்டவணையும்: ரியல்கிளியர்பாலிடிக்ஸ் கருத்துக்கணிப்புப் பக்கங்கள்

அமெரிக்க அதிபர் தேர்தலை நாடு முழுவதற்குமான ஒற்றை எண்ணைக் கொண்டு பின்தொடர்வதில் பெரிய பயன் இல்லை. மாநிலங்களுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டுள்ள 538 தேர்வாளர் வாக்குகளில் 270ஐப் பெறுபவரே அதிபராகிறார். மெய்ன், நெப்ராஸ்கா என்னும் இரண்டைத் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் போய்ச் சேர்கின்றன. 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடளவில் 2.1 சதவீதப் புள்ளி முன்னிலை பெற்றும் தோற்றது இதனால்தான். 2024இலும் பென்சில்வேனியா, ஜார்ஜியா, வட கரோலினா, மிச்சிகன், அரிசோனா, விஸ்கான்சின், நெவாடா ஆகிய ஏழு மாநிலங்களின் 93 வாக்குகளே முடிவைத் தீர்மானிக்க இருந்தன. துளசேந்திரபுரத்துக் கோயிலில் கமலா ஹாரிஸுக்காக நடந்த பூசையைப் பற்றி ஆர்வத்தோடு படித்த தமிழ் வாசகர்களில் பலர், மிச்சிகன் எப்படிச் சாய்கிறது என்பதை அறிய எங்கே போவது என்று கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம், கருத்துக்கணிப்புகளைத் தொகுத்துத் தரும் ரியல்கிளியர்பாலிடிக்ஸ் இணையதளம். அப்படிக் காட்டும்போது சில எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொல்வேன்.

2000ஆம் ஆண்டு ஜான் மெக்கின்டயர், டாம் பெவன் ஆகிய இருவரும் சிகாகோவில் தொடங்கிய தளம் இது. மாநிலத்துக்கு ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் அண்மைக் கணிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக இருக்கும். கணிப்பை நடத்தியவர் யார், எந்தத் தேதிகளில் நடத்தினார், எத்தனை பேரிடம் கேட்டார், அவர்கள் பதிவுபெற்ற வாக்காளர்களா அல்லது வாக்களிக்கக்கூடியவர்கள் என்று வடிகட்டப்பட்டவர்களா, பிழை வரம்பு (உண்மை எண் எவ்வளவு மேலோ கீழோ இருக்கலாம் என்ற அளவு) எவ்வளவு, இருவருக்கும் கிடைத்த சதவீதம் என்ன, இடைவெளி என்ன என்பவையெல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். மேலே ஒரு சராசரி. அது வெறும் கூட்டி வகுத்த சராசரி. பெரிய மாதிரிக்குக் கூடுதல் மதிப்போ, தரம் குறைந்த நிறுவனத்துக்குக் குறைந்த மதிப்போ கிடையாது.

இந்த எளிமையைக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. 2008இல் நேட் சில்வர் தொடங்கிய அத்தளம் நிறுவனங்களைத் தரம் பிரித்தது, ஒவ்வொன்றின் கட்சிச் சாய்வையும் கணக்கிட்டுக் கழித்தது, இறுதியில் வெற்றி வாய்ப்பை ஒரு சதவீதமாகச் சொன்னது. 2016இல் டிரம்புக்கு அது தந்த 28.6 சதவீதத்தை வாசகர்கள் ஏறத்தாழ சுழியம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மூன்றரைக்கு ஒன்று என்பது அன்றாடம் நடக்கிற காரியம் என்று எவ்வளவு விளக்கினாலும், கிளிண்டனின் பெயருக்கு அருகில் 71 என்ற எண் நிற்கும்போது மனம் அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. 2025 மார்ச்சில் ஏபிசி நிறுவனம் ஃபைவ்தர்ட்டிஎய்ட்டை மூடிவிட்டதால், இன்று ஒப்பிட்டுத் தேர்ந்துகொள்ளும் வசதியும் குறைந்துவிட்டது. ரியல்கிளியர்பாலிடிக்ஸின் அட்டவணையோ வாய்ப்பு எதையும் கணித்துச் சொல்வதில்லை. கணக்கைத் திறந்து காட்டிவிட்டு, முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறது.

அந்தக் கணக்கைச் சரியாக வாசிக்கக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். 800 பேரிடம் எடுத்த கணிப்பில் பிழை வரம்பு ஏறத்தாழ 3.5 புள்ளி. ஆனால் அது ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கு உரிய வரம்பு. இருவருக்கும் இடையிலான இடைவெளிக்கு அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும். அட்டவணை 3.5ஐக் காட்டி, அதே வரியில் ஜனநாயகக் கட்சிக்குரிய நீலத்திலோ குடியரசுக் கட்சிக்குரிய சிவப்பிலோ இடைவெளியைப் போட்டுவிடுகிறது. ‘ஹாரிஸ் +1’ என்ற நீல எழுத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்களும், மறுநாள் சிவப்பைக் கண்டு சோர்ந்தவர்களும் உண்மையில் எந்த மாற்றத்தையும் பார்க்கவில்லை.

தேதிப் பத்தியைப் பாராமல் பிரசார நாடகத்தைப் பின்தொடரவே கூடாது. 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் பைடன் தடுமாறிய விவாதம், ஜூலை 13 அன்று பட்லரில் டிரம்ப் மீது நடந்த துப்பாக்கிச் சூடு, ஜூலை 21 அன்று பைடனின் விலகல் என்று நான்கு வாரங்களுக்குள் மூன்று பெரிய நிகழ்வுகள் நடந்தன. ஒரு கணிப்பின் களப்பணி மூன்று நான்கு நாட்கள் நடக்கும். வெளியாக மேலும் ஓரிரு நாட்கள் ஆகும். ஆகவே ஒரு நிகழ்வின் விளைவு சராசரிக்குள் முழுமையாக வந்து சேர்வதற்குள் அடுத்த நிகழ்வு நடந்துவிட்டது. செப்டம்பர் 10 விவாதத்தில் ஹாரிஸே வென்றார் என்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த டிரம்ப் கூட்டத்தில் ஒரு நகைச்சுவையாளர் போர்ட்டோ ரிக்கோவைக் குப்பைத் தீவு என்றதும், அத்தீவின் வம்சாவளியினர் பலர் வாழும் பென்சில்வேனியாவே திரும்பிவிடும் என்று எழுதினார்கள். அட்டவணையில் இவற்றின் தடம் மிகச் சிறியதாகவே இருந்தது. தொலைக்காட்சி விவாதங்களின் சூட்டைத் தணித்துக்கொள்ள இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

இத்தளத்தின் பெரிய பலவீனம் எந்தக் கணிப்பைச் சேர்ப்பது என்ற தேர்விலேயே இருக்கிறது. ஒரு நிறுவனத்தை ஏற்பதற்கும், பழைய கணிப்பை நீக்குவதற்குமான விதி வாசகருக்குத் தெளிவாக எழுதிவைக்கப்படவில்லை. 2024 மார்ச்சில் ராஸ்முசென் என்ற கணிப்பு நிறுவனத்தை ஃபைவ்தர்ட்டிஎய்ட் விலக்கியது. இங்கே அது தொடர்ந்தது. குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் நிறுவனங்களுக்கு இங்கே தாராளமான இடம் உண்டு என்பது பழைய குற்றச்சாட்டு. பென்சில்வேனியாவை மட்டும் எடுத்துக்கொண்டால் இதன் இரு முகமும் தெரியும். 2020இல் இத்தளத்தின் இறுதிச் சராசரி பைடனுக்கு 1.2 புள்ளி முன்னிலை தந்தது, முடிவும் 1.2தான். மற்றவர்கள் பைடனுக்கு மிகையாகக் கொடுத்திருந்த ஆண்டில் இந்தச் சாய்வு கைகொடுத்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, அதே மாநிலத்தின் செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் மெஹ்மத் ஆஸ் 0.4 புள்ளி முன்னிலையில் இருப்பதாகச் சராசரி சொன்னது. ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மன் 4.9 புள்ளியில் வென்றார். முறை ஒன்றே, மாநிலமும் ஒன்றே. எந்த ஆண்டில் அது பலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லும் வழி அட்டவணையில் இல்லை.

2024இன் இறுதி எண்களையும் பார்க்கலாம். மிச்சிகனில் ஹாரிஸுக்கு 0.5, விஸ்கான்சினில் 0.4 என்று சராசரி முன்னிலை காட்டியது. டிரம்ப் முறையே 1.4, 0.9 புள்ளிகளில் வென்றார். அரிசோனாவில் டிரம்பின் 2.8 முன்னிலை 5.5 ஆயிற்று, நெவாடாவில் 0.6 என்றது 3.1 ஆயிற்று, பென்சில்வேனியாவில் 0.4, 1.7 ஆயிற்று. ஏழு மாநிலங்களிலும் பிழை மூன்று புள்ளிக்குள்தான் இருந்தது. ஆனால் ஏழிலும் ஒரே பக்கமாக இருந்தது. ஒவ்வொரு மாநிலத்தையும் தனி நாணயமாகச் சுண்டிப் பார்க்கும் வாசகர் ஏமாறுவது இங்கேதான். கல்வித் தகுதியோ கட்சிப் பற்றோ காரணமாக ஒரு பிரிவினர் கணிப்பாளருக்குப் பதில் சொல்லாமல் போனால், அவர்கள் எல்லா மாநிலங்களிலும் சேர்ந்தேதான் விடுபடுவார்கள். 312க்கு 226 என்று டிரம்ப் வென்ற தேர்தலில், வாக்கு எண்ணும் இரவு முழுவதும் இழுபறியாக இருக்கும் என்று எதிர்பார்த்ததற்கு, பிழைகளுக்கிடையிலான இந்த ஒட்டுறவை மறந்ததும் ஒரு காரணம்.

இத்தளத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதற்கு உதவுகிறது. 2024இல் போட்டி கடுமையான மாநிலங்களில் அன்றன்றைய சராசரியையும், அதே நாளில் 2020, 2016 ஆண்டுகளில் இருந்த சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். விஸ்கான்சினில் 2016இல் கிளிண்டனுக்கு 6.5, 2020இல் பைடனுக்கு 6.7 என்று முடிந்த சராசரிகள், முறையே தோல்வியாகவும் ஒரு புள்ளிக்கும் குறைவான வெற்றியாகவும் மாறியதைக் கண்டவர், ஹாரிஸின் 0.4ஐ முன்னிலை என்று சொல்லத் தயங்குவார். பழைய பக்கங்களில் சராசரிக்கு மேலேயே உண்மை முடிவும் பதிந்து கிடப்பதால், எந்த நிறுவனம் எங்கே தவறியது என்று நாமே சரிபார்த்துக்கொள்ளலாம். அயோவாவில் நீண்டகால நற்பெயர் கொண்ட ஆன் செல்சரின் கணிப்பு, தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு ஹாரிஸுக்கு 47, டிரம்புக்கு 44 என்றது. டிரம்ப் அங்கே 13 புள்ளியில் வென்றார். ஒரே கணிப்பை மட்டும் பிடித்துத் தொங்குபவர்களுக்கு அந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

முகப்புப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரு தரப்புக் கட்டுரைகளின் இணைப்புகளையும் காலையும் மதியமும் அடுத்தடுத்து அடுக்குகிறார்கள். நடுவர் இல்லாத பட்டிமன்றம்போல இருக்கும். பந்தயச் சந்தை விகிதங்களைக் கணிப்புச் சராசரிகளுக்கு அருகிலேயே வைப்பது எனக்கு உடன்பாடில்லை. வாக்காளரிடம் கேட்டறிந்த சதவீதமும், பணம் வைத்தவர்களின் ஊகமும் ஒரே வகை எண்கள் அல்ல. கட்டணம் எதுவும் இல்லை, ஆனால் விளம்பரங்கள் ஏராளம். கைபேசியின் சிறு திரையில் அட்டவணையின் பத்திகள் நெருக்கியடித்து நிற்பதால், மாதிரியும் தேதியும் தெரிய வேண்டுமானால் கணினியில் திறப்பதே நல்லது.