பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு நாடகப் படிப்பு: திருச்சூரா, புதுச்சேரியா, டில்லியா?

விழுப்புரத்தில் இருக்கும் என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்ததும் நாடகம்தான் படிப்பேன் என்றாள். அக்காவுக்கு ஒரே கவலை, பணம். விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் சென்னையில் ஒரு தனியார் நடிப்புப் பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் லட்சங்களில் கட்டணம் சொன்னார். பச்சைத் துணி கட்டிய அறை, இரண்டு கேமரா, ஒரு நாற்காலி. "சித்தி, மேடை எங்கே?" என்று அவள் என் காதருகே கேட்டாள். அத்துடன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டோம்.

அரசு சார்ந்த இடங்களில் கட்டணம் பெரிய தடை இல்லை. எந்த வாசல் எந்த வயதில் திறக்கிறது என்பதுதான் சிக்கல். டில்லி தேசிய நாடகப் பள்ளி மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு தருகிறது; சேர்ந்த எல்லோருக்கும் மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் பட்டதாரியாக இருக்க வேண்டும், ஆறு நாடகங்களிலாவது பங்கேற்றிருக்க வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் புழங்கத் தெரிய வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் படிப்பும் முதுகலைதான். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இரண்டுமே இப்போதைக்கு இல்லை.

பிளஸ் டூ முடித்த கையோடு சேரக்கூடிய நல்ல இடம் திருச்சூர். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அங்கே அரணாட்டுக்கரையில் இருக்கிறது. மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையின் முயற்சியில் 1977இல் தொடங்கியது. இளங்கலைப் பட்டமே நாடகத்தில் வாங்கலாம். நாங்கள் போன மதியம் மாணவர்கள் காட்சி அமைப்புக்காகப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைகாட்டிக் கூப்பிட, இவள் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேரள சங்கீத நாடக அகாதமியும் அதே ஊரில்தான். அது நடத்தும் சர்வதேச நாடக விழாவில் உலக நாடகங்களைப் பார்க்கலாம். என் மனம் அங்கேயே சாய்ந்துவிட்டது.

தடுத்தது மொழி. மூன்று மாதத்தில் மலையாளம் புரிந்துவிடும். ஆனால் நடிகைக்குப் புரிந்தால் போதாது. வசனம் மூச்சிலிருந்து வர வேண்டும். உச்சரிப்பைப் பழக்க வேண்டிய வயதில் வேறு மொழிக்கு வாயைப் பழக்கினால், பிறகு தமிழ் மேடைக்குத் திரும்பும்போது மறுபடி தொடங்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். கேரளத்திலேயே வேர்விடத் தயாராக இருக்கும் பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு திருச்சூர் என்பேன். கர்நாடகத்தின் ஹெக்கோட்டில் உள்ள நீநாசம் என்ற நாடகப் பள்ளியில் படிப்பு ஓராண்டில் முடிந்துவிடும், நல்ல பெயர் பெற்ற இடம். அங்கே மொழி கன்னடம்.

கடைசியில் நான் அக்காவிடம் சொன்ன வழி சுற்றுவழிதான். விழுப்புரத்திலேயே அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ் இலக்கியம். வீட்டுச் சாப்பாடு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஒத்திகைக்குப் போகவர பஸ் செலவுக்கு அது போதும். அந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியப் பாரதக்கூத்து நடக்கிறது. குரலை எப்படித் தூரத்துக்கு அனுப்புவது, விடியும்வரை எப்படிக் களைக்காமல் ஆடுவது என்பதை அருகில் நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

பட்டம் வாங்கியபின் புதுச்சேரி. தமிழ் நாடக முன்னோடி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் தொடங்கிய நிகழ்கலைப் பள்ளி அது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி வழிநடத்திய இடம். மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் கையைக் கடிக்காது. நாடகத்துக்கு இரண்டு ஆண்டுகள்தான் கிடைக்கும், திருச்சூரைவிடக் குறைவு. அந்தக் குறையை முந்தைய மூன்று ஆண்டு மேடைப் பழக்கம்தான் ஈடுகட்ட வேண்டும். டில்லி வாசலும் அதே பழக்கத்தால்தான் திறக்கும்.

அவள் இப்போது முதலாண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறிய குழுவுடன் ஒத்திகை. போன மாதம் முதல் நாடகம். ஐந்தே வரி வசனம். அதன் அழைப்பிதழையும் பங்கேற்புச் சான்றையும் ஒரு கோப்பில் போட்டு, மேலே "1" என்று எழுதி வைத்திருக்கிறாள்.